எல்லோராவின் 40 ரூபாய் டிக்கெட்: எண் வரிசையில் நடந்தால் பாதிதான் கிடைக்கும்

எல்லோராவில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழைந்ததும் கண்ணெதிரே நிற்பது 16-ஆம் எண் குடைவரை, அதாவது கைலாசநாதர் கோயில். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராக அதற்குள் போய், ஒன்றிரண்டு மணி நேரம் சுற்றி, யானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, வெளியே கரும்புச்சாறு குடித்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு இலையை மூடுவது போன்ற காரியம் இது. பாயசம் பிரமாதம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே டிக்கெட்டில் இன்னும் 33 குடைவரைகள் இருக்கின்றன. பௌத்தம், சைவம், வைணவம், சமணம் என்று ஒரே மலையில் ஏறத்தாழ 400 ஆண்டுகள், ஒருவர் கண்ட வழியை அடுத்தவர் எடுத்துக்கொண்டு மாற்றிய வரலாறு அங்கே கல்லில் கிடக்கிறது. அதைப் பார்க்க அங்குள்ள ஏற்பாடு உதவுகிறதா என்பதுதான் இந்த மதிப்புரையின் கேள்வி. சுருக்கமான பதில்: இடத்துக்கு முழு மதிப்பெண், வழிகாட்டும் ஏற்பாட்டுக்குப் பாதிகூடத் தேறாது.

முதலில் காசுக் கணக்கு. இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சார்க், பிம்ஸ்டெக் (தெற்காசிய, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்புகள்) நாட்டவர்களுக்கு இந்தியர் கட்டணமே பொருந்தும் என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதைக் காட்டி 40 ரூபாய் டிக்கெட் கேட்கலாம். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் 600 கட்டத்தான் வேண்டும். தொல்லியல் துறையின் இணையதளத்தில் வாங்கினால் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம். விடுமுறை நாள்களில் அது அரை மணி நேரத்துக்குச் சமம். திறப்பது சூரிய உதயம், மூடுவது அஸ்தமனம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஔரங்காபாத்திலிருந்து (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) சுமார் 30 கிலோமீட்டர். மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்தும், பங்கு வண்டிகளும் உண்டு.

இனி குறை. குடைவரைகளுக்கு இட்டிருக்கும் எண்கள் தெற்கிலிருந்து வடக்காக மலையோரத்தை அளந்து வைத்தவை. 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை சைவ வைணவம், 30 முதல் 34 வரை சமணம். இந்த வரிசையைப் பார்த்ததும் ‘முதலில் பௌத்தர் வந்தார்கள், பிறகு இந்துக்கள், கடைசியில் சமணர்’ என்று மனம் தானாக ஒரு கதை கட்டிவிடுகிறது. வழிகாட்டிகள் பலரும் அப்படியே சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் நம்பியதும் ஏறக்குறைய அதுதான். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு வேறு: சைவக் குடைவரைகளில் ஒரு தொகுதி (21, 29 முதலியவை) 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், களச்சூரியர் என்ற அரச மரபின் காலத்தில் தொடங்கியது. பௌத்த வேலை அதற்குப் பின், சுமார் 600 முதல் 730 வரை. பிறகு தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூடர் காலத்தில் மீண்டும் சைவம், உச்சமாகக் கைலாசம். அதன்பின் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் சமணம். 21-ஆம் குடைவரைக்கு முன்னால் களச்சூரிய மன்னன் கிருஷ்ணராஜனின் காசுகள் கிடைத்ததும், மும்பைக்கு அருகிலுள்ள எலிஃபண்டா தீவின் பெருங்குடைவரையோடு 29-க்கு உள்ள ஒற்றுமையும் இந்தக் கணக்குக்குப் பெரிய துணை.

அதாவது, எண் வரிசையில் நடப்பவர் வரலாற்றை நடுவில் கிழித்து, பின்பகுதியை முன்னால் ஒட்டிப் படிக்கிறார். இதைச் சொல்லும் ஒரு பலகை நுழைவாயிலில் இருந்தால் போதும்.

ஆகவே, உள்ளே நுழைந்ததும் கைலாசத்தைக் கண்டுகொள்ளாமல் இடதுபுறம் (வடக்கே) திரும்புங்கள். மனசு கேட்காது, திரும்பித்தான் ஆகவேண்டும். முதல் நிறுத்தம் 21, ராமேஸ்வரம் என்று பெயர். முற்றத்தில் உயர்ந்த மேடைமேல் நந்தி. முகப்பின் இரு ஓரங்களிலும் நதித்தெய்வங்கள். மகரத்தின் மேல் நிற்கும் கங்கையை அவசரப்படாமல் பாருங்கள், உடல் வளைவும் அருகிலுள்ள குள்ளப் பணியாளரும் சேர்ந்து எல்லோராவின் மிகச் சிறந்த சிற்பங்களில் ஒன்றாக அதை ஆக்குகின்றன. உள்ளே சிவன்-பார்வதி திருமணம், ஆடவல்லான், ஏழு கன்னியர், எலும்புக்கூடாய் நிற்கும் காளனும் காளியும். கட்டடக் கலை நோக்கில் கவனிக்க வேண்டியது இதுதான்: அகலமாக, ஆழம் குறைவாகக் குடைந்த மண்டபம், பின்சுவரில் கருவறை, அதைச் சுற்றிவரக் கல்லிலேயே குடைந்த பாதை. பௌத்த விகாரையின் அமைப்பை எடுத்து, துறவிகள் தங்கும் சிற்றறைகளை நீக்கி, அவ்விடத்தில் சிற்பப் பலகைகளை வைத்தால் என்ன வருமோ அது.

அடுத்தது 29, தூமர் லேணா. மூன்று பக்கமும் திறந்த வாசல்கள், படிகளின் ஓரத்தில் சிங்கங்கள், நடுவே நான்கு வாசல் கொண்ட லிங்கக் கருவறை, ஒவ்வொரு வாசலுக்கும் ஆளை விடப் பெரிய துவாரபாலகர்கள். கருவறை பின்சுவரில் ஒட்டாமல் மண்டபத்துக்குள் தனியே நிற்கிறது. சுற்றிவருவதற்குச் சுரங்கப்பாதை தேவையில்லை, மண்டபமே சுற்றுப்பாதை. தூண்களின் தலையைப் பாருங்கள்: அழுத்தி வைத்த தலையணை போல உருண்டு, வரிவரியாய்க் கோடு போட்டிருக்கும். இந்தத் தலையணைத் தூணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பௌத்தக் குடைவரையில் பார்க்கப்போகிறீர்கள். 29-க்குப் பக்கத்தில் மழைக்காலத்தில் அருவி விழும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்குள்ள படிகளில் பாசி. வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு இல்லாவிட்டால் இறங்க வேண்டாம்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், கால வரிசைப் பிடிவாதத்தை இங்கே கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டும். சமணக் குடைவரைகள் இன்னும் வடக்கே தள்ளி இருக்கின்றன. தெற்கு முனைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் மீண்டும் அவ்வளவு தூரம் வரக் கால் ஒத்துழைக்காது; வந்தாலும் மூடும் நேரம் நெருங்கிவிடும். எனவே 29 முடிந்ததும் 30–34-ஐப் பார்த்துவிடுவது நடைமுறைக்கு நல்லது. வளாகத்தில் ஓடும் சிறு பேருந்து அங்கே போகிறது. அன்று எத்தனை மணி வரை ஓடும் என்று நுழைவாயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நாளில் ஆள் சேரும் வரை நிற்கும். இரண்டு நாள் இருப்பவர்கள் சமணத்தை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் மட்டும் புதிதாக எடுக்க வேண்டும். இங்கே கால வரிசைப்படியே எழுதுகிறோம்.

தெற்கு முனைக்கு வாருங்கள். 1 முதல் 9 வரை எல்லாவற்றிலும் நிற்க வேண்டியதில்லை. 1, 3, 4 ஆகியவற்றைக் கடந்து போகலாம், குற்றமில்லை. நிற்க வேண்டியவை 2, 5, 6.

2-ஆம் குடைவரையில், வடக்கே 29-இல் பார்த்த அதே தலையணைத் தூண்கள். இந்தத் தூணுக்குப் பௌத்தத் தூண் என்றும் சைவத் தூண் என்றும் பெயர் வைக்க முடியாது. அந்தக் காலத்து அந்த வட்டாரத் தச்சர்களின் தூண் அது. புரவலர் மாறினார்கள், உளி பிடித்த கைகளின் பழக்கம் தொடர்ந்தது. பக்கச் சுவர்களில் சிற்றறைகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் புத்தர் உருவங்கள். விகாரை என்பது துறவிகள் தங்கும் இடம் என்ற நிலையிலிருந்து வழிபாட்டு மண்டபமாக நகர்ந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். புத்தர் இரு கால்களையும் தொங்கவிட்டு ஆசனத்தில் அமர்ந்திருப்பதையும் கவனியுங்கள். அரசன் கொலுவிருக்கும் இருப்பு அது.

5-ஆம் எண் விசித்திரமானது. சுமார் 117 அடி ஆழம் போகும் நீண்ட கூடம். நடுவில் தரையோடு தரையாக, முன்னிருந்து பின்வரை ஓடும் இரண்டு தாழ்ந்த கல்திண்ணைகள். துறவிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஓதவா, உண்ணவா என்று இரண்டு விளக்கமும் உண்டு. மும்பை கன்ஹேரியிலும் இதே போல் திண்ணை உள்ள கூடம் ஒன்று இருக்கிறது. தரையில் உட்கார்ந்து பந்தி பரிமாறிப் பழகிய நமக்கு, திண்ணையின் உயரத்தையும் இடைவெளியையும் பார்த்ததும் ‘சாப்பாட்டுக் கூடம்தான்’ என்று தோன்றும். ஆனால் ஏட்டை எதிரே வைத்துப் படிக்கவும் அந்த உயரம் சரியாகவே இருக்கும். 6-இல் மயிலோடு நிற்கும் மகாமாயூரி என்ற பௌத்தப் பெண் தெய்வத்தைத் தேடுங்கள். கீழே ஒரு மாணவன் ஏட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பான். சரஸ்வதி என்று பலர் கும்பிட்டுவிட்டுப் போவதில் ஆச்சரியமில்லை.

10-ஆம் குடைவரைக்கு மட்டும் காலையில் போகாதீர்கள். மலை முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் குடைவரைகளுக்குள் நேர் வெளிச்சம் விழாது. பிற்பகல் 2 மணிக்கு மேல் மாடி முகப்பின் சாளரம் வழியாக ஒளி உள்ளே இறங்கும்போதுதான் 10 தன்னைக் காட்டும். விசுவகர்மா குடைவரை என்பது ஒரு பெயர். உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சுதார் கா ஜோப்டா’, தச்சன் குடிசை. அண்ணாந்து பார்த்தால் காரணம் புரியும்: கூரை முழுவதும் வளைந்த மரச்சட்டங்கள் போலக் கல்லில் செதுக்கிய விலா எலும்புகள். அந்த விலாக்கள் எதையும் தாங்கவில்லை. அவற்றைச் செதுக்கி எடுத்துவிட்டாலும் கூரை விழாது, ஏனென்றால் மொத்தமும் ஒரே பாறை. மரத்தில் கட்டிய பழைய சைத்தியத்தின் (பௌத்த வழிபாட்டுக் கூடம்) உருவம் தேவைக்காக அல்லாமல் நினைவுக்காகத் தொடர்ந்திருக்கிறது. நம் ஊர்க் கற்கோயில்களின் கொடுங்கைக்கு அடியில் மரக் கைகளையும் வாரைகளையும் கல்லில் செதுக்கியிருப்பதும் இதே பழக்கம்தான்.

கர்லா, பாஜா போன்ற பழைய சைத்தியங்களைப் பார்த்தவர்களுக்கு 10-இல் இரண்டு மாற்றங்கள் உடனே தெரியும். ஒன்று, அங்கெல்லாம் முகப்பை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய லாட வடிவச் சாளரம் இங்கே சுருங்கி, பக்கங்களில் சிற்பங்கள் சூழ்ந்த ஒரு மாடி வாசலாகிவிட்டது. இரண்டு, புத்தரின் சின்னமாக வணங்கிய அரைக்கோள வடிவத் தூபிக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு, சுமார் 15 அடி உயரப் புத்தர் உட்கார்ந்துவிட்டார். சின்னத்தை வணங்கிய காலம் போய் உருவத்தை வணங்கும் காலம் வந்துவிட்டது. தூபி இப்போது பின்திரை. இந்தியாவில் குடைந்த பௌத்தச் சைத்தியங்களில் கடைசியாக வந்தவற்றில் இது ஒன்று. இதற்குப் பின் பௌத்தக் கட்டடக்காரர்கள் இங்கே சைத்தியம் குடையவில்லை, மாடிகளுக்குப் போனார்கள்.

அந்த மாடிகள்தான் 11-உம் 12-உம். 11-க்கு ‘தோ தால்’, இரண்டு தளம் என்று பெயர். எண்ணிப் பார்த்தால் மூன்று இருக்கும். அடித்தளம் மண்மூடிக் கிடந்து 1876-இல்தான் தோண்டி வெளிப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. 12, ‘தீன் தால்’, வெளியிலிருந்து பார்க்க அலங்காரமே இல்லாத அரசு அலுவலகம் போல இருக்கும். அதனாலேயே பலர் ஏறாமல் போய்விடுகிறார்கள். ஏறுங்கள். படிக்கட்டு இருட்டு, படிகள் உயரம் ஒன்றுபோல் இராது. கைவிளக்கு வேண்டும், கைப்பேசி வெளிச்சம் போதாது. மூன்றாம் தளத்தில் முன்னறையின் இருபுறமும் ஏழு ஏழாக அமர்ந்த புத்தர்கள். ஒரு வரிசையின் தலைக்குமேல் போதி மரங்கள், மறுவரிசைக்குக் குடைகள். கீழ்த்தளங்களில் ஒன்பது கட்டமாகப் பிரித்து, நடுவில் புத்தரும் சுற்றி எட்டுப் போதிசத்துவரும் (புத்தநிலையை நோக்கிச் செல்லும் அருளாளர்கள்) உள்ள பலகைகளைத் தேடுங்கள். மண்டலம் என்ற தாந்திரிக வடிவம் கல்லில் வந்திருக்கும் அபூர்வச் சான்று. இந்த மூன்று தளங்களையும், முன்னால் உள்ள திறந்த முற்றத்தையும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

நடுவில் 14 இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்க வராகர், விஷ்ணு, திருமகள் என்று வைணவம். எதிர்ச் சுவர் முழுக்கச் சைவம், அதில் சிவனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடும் பலகை ரசமானது. தூண்களில் தலையணை மறைந்து, இலைகள் வழியும் பூரணகும்பம் வந்துவிட்டது.

15-ஆம் குடைவரை, தசாவதாரம். 12-ஐப் பார்த்த கண்ணோடு இதன் முற்றத்தில் நின்றால் ‘இது அதே வீட்டின் அண்ணன் தம்பி’ என்று தோன்றும். பௌத்த விகாரையாகத் தொடங்கிய வேலை நடுவில் சைவத்துக்கு மாறியது என்றுதான் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முற்றத்தில், பாறையை விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டி எடுத்ததால் தனியே நிற்கும் ஒரு சிறு மண்டபம். அதன் சுவரில் ராஷ்டிரகூட மன்னன் தந்திதுர்க்கனின் கல்வெட்டு. சாளுக்கியரை 753 வாக்கில் வீழ்த்தியவன் அவன். மாடியில் நரசிம்மர் இரணியனின் மீது பாயும் பலகை, லிங்கத்திலிருந்து வெடித்து வரும் சிவன். எங்கள் கணக்கில் 15-தான் எல்லோராவின் கீல். குடைந்து உள்ளே போவதிலிருந்து, சுற்றிலும் வெட்டிக் கட்டடத்தைத் தனியே நிறுத்துவதற்கு மனம் திரும்பிய இடம் அந்தச் சிறு மண்டபம். வருகிறவர்கள் அதற்குள் ஐந்து நிமிடம் நிழலுக்கு உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

இப்போது கைலாசம். நேரம் பிற்பகல் 3 அல்லது 3.30 ஆகியிருந்தால் சரி. நண்பகலில் முற்றத்தின் ஒரு பாதி கண்கூச, மறுபாதி கறுத்துப்போய், புகைப்படமும் வராது, சிற்பமும் தெரியாது.

இது ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் (சுமார் 756–773) காலத்தது என்பதற்கு அடிப்படை, அதே மரபைச் சேர்ந்த இரண்டாம் கர்க்கனின் பரோடா செப்பேடு (812–13). ஏலாபுரத்தில் (எல்லோராவின் பழைய பெயர்) கிருஷ்ணன் எடுத்த கோயிலைக் கண்டு வானவர் வியந்ததையும், கட்டிய சிற்பியே ‘இதை நான் எப்படிச் செய்தேன்’ என்று திகைத்ததையும் அது பாடுகிறது. அந்தச் சிற்பியின் பெயரைத்தான் சொல்லவில்லை.

வேலை நடந்த முறையைச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் அங்கே ‘நூறு வருஷம், ஏழாயிரம் பேர்’ என்று தொடங்கி வேற்றுக்கிரகவாசிகள் வரை எல்லாம் விலைபோகிறது. மலைச்சரிவில் மேலிருந்து மூன்று அகழிகள்: பின்னால் குறுக்கே ஒன்று, இரு பக்கமும் நெடுக்காக இரண்டு. நடுவில் ஒரு பெரும் பாறைத்தீவு மிஞ்சும். அதன் உச்சியிலிருந்து சிகரத்தைச் செதுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். சாரம் கட்டும் செலவில்லை, கல்லைத் தூக்கும் வேலையில்லை. வெட்டிய கழிவு முன்பக்கச் சரிவில் போய்விடும். அடித்தளத்து யானை வரிசை கடைசியாகத்தான் வெளிவரும். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்கள் இதே முறை. தர்மராஜ ரதத்தின் மேல்தளங்கள் முடிந்து, கீழ்ப்பகுதி முரடாய் நிற்பது அதற்குச் சாட்சி. மாமல்லையில் அடித்தது கெட்டியான கருங்கல். இங்கே தக்காணத்து எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட்; வெட்டுவதற்கு அவ்வளவு அடம்பிடிக்காது. முடிக்காமல் விட்ட பகுதிகளில் உளித் தழும்புகள் இன்றும் தெரிகின்றன. மர்மத்துக்கு அங்கே இடமில்லை.

மேலிருந்து இறங்கும் முறையில் ஒரு கண்டிப்பு உண்டு: திருத்த முடியாது. கட்டுமானக் கோயிலில் ஒரு கல் பிசகினால் மாற்றிக்கொள்ளலாம். இங்கே சிகரத்தின் முதல் உளியடிக்கே தரையின் அளவு முடிவாகியிருக்க வேண்டும். முற்றம் ஏறத்தாழ 276 அடி நீளம், 154 அடி அகலம், பின்சுவர் 107 அடி உயரம். விமானம் முற்றத்திலிருந்து சுமார் 96 அடி. இந்த அளவில் அச்சுக்கோடு தவறாமல் இறங்கியதே அவர்களின் பெரிய சாதனை. சிற்ப அழகெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த விமானம் அந்நியமாய்த் தெரியாது. தளம் தளமாய்க் குறுகி, சாலையும் கூடும் (நீள்வடிவ, சதுரச் சிறு கோயில் உருவங்கள்) ஏந்தி, எட்டுப்பட்டைச் சிகரத்தில் முடியும் திராவிட விமானம். அது மராட்டிய மண்ணுக்கு வந்த பாதை துல்லியமாகத் தெரியும். காஞ்சியில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைலாசநாதர் கோயிலை எடுத்தான். காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் அந்தக் கோயிலின் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடக் கல்வெட்டே அங்கு வெட்டிவைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுத்தது விரூபாட்சர் கோயில். சாளுக்கியரை வென்ற ராஷ்டிரகூடர்கள் அதன் அமைப்பை எடுத்து, அளவைப் பெருக்கி, எல்லோரா மலைக்குள் இறக்கினார்கள். தோற்றவர் ஊர்க் கோயில் இரண்டு முறை வென்றவர் ஊருக்குப் போயிருக்கிறது. காஞ்சியைப் பார்த்துவிட்டு, பட்டடக்கல்லில் ஒரு நாள் தங்கி, பிறகு எல்லோரா வருகிறவர்களுக்கு இந்த டிக்கெட்டின் மதிப்பு மும்மடங்கு.

தரையிலிருந்து பார்த்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். தென்புறம் அடித்தளத்தில் கைலையைத் தூக்கும் ராவணனைப் பாருங்கள். பின்புறம் ஆழமாகக் குடைந்து உருவத்தை ஏறக்குறைய விடுவித்திருப்பதால் நிழலே அந்தச் சிற்பத்தின் பாதி வேலையைச் செய்கிறது. தென்புறச் சுவரில் ராமாயணம், வடபுறத்தில் பாரதமும் கண்ணன் கதையும் பட்டி பட்டியாய். மண்டபத்திலிருந்து பக்கச்சுவர் மாடிக்குப் போன கல்பாலம் விழுந்துவிட்டது. உடைந்த முனை தெரியும். இலங்கேஸ்வரர் முதலிய பக்கக் குடைவுகள் பின்னால் சேர்ந்தவை. முன்மண்டபக் கூரையில் வண்ணம் மிஞ்சியிருக்கிறது: கோயில் முழுவதும் ஒரு காலத்தில் வெள்ளைச் சாந்து பூசி வண்ணம் தீட்டியிருந்தது, ‘ரங் மகால்’ என்ற பழைய பெயர் அதிலிருந்து வந்தது. இன்றைய கரும்பழுப்பு நிறத்தை வைத்து அழகு பேசுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. (எல்லோராவின் மண்பூச்சில் கஞ்சாச் செடியின் நார் கலந்திருந்ததையும், பூச்சி அரிக்காமல் அது காத்ததையும் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.) கடைசியாக, வெளியே வந்து பக்கத்துப் பாதையில் மேலேறி, பள்ளத்தின் விளிம்பிலிருந்து சிகரத்தைக் கீழ்நோக்கிப் பாருங்கள். கோயில் மலையிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் உடம்புக்கு உறைக்கும்.

சமணத் தொகுதியில் 30, ‘சோட்டா கைலாஸ்’, 16-இன் சிறு நகல். முடிக்காமல் விட்டார்கள், அதனால் வேலை முறையைப் படிக்க நல்ல இடம். 32, இந்திர சபை, தவறவிடக் கூடாதது. முற்றத்தில் ஒற்றைக்கல் கோயில், அதில் நான்கு திசையும் பார்க்கும் தீர்த்தங்கரர். பக்கத்தில் ஒற்றைக்கல் யானை. கைலாசத்தின் முற்ற அமைப்பைச் சமணர்கள் எடுத்துச் சின்னதாக்கி, மாடியில் நுணுக்கத்தைக் கொட்டியிருக்கிறார்கள். இந்திரன், இந்திராணி என்று காட்டப்படுவோர் உண்மையில் யட்சனும், மாமரத்தடியில் அமர்ந்த அம்பிகாவும். கொடி படர்ந்த பாகுபலி ஒரு புறம், நாகம் குடைபிடித்த பார்சுவநாதர் மறுபுறம் என்று எதிரெதிராக நிறுத்தும் இணையைச் சமணக் குடைவரைகளில் திரும்பத் திரும்பக் காண்பீர்கள். கழுகுமலை வெட்டுவான்கோயிலுக்குப் பக்கத்துச் சமணச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு முகம் தெரிந்தவர்கள். மாடிக் கூரைத் தாமரைக்கும் கைவிளக்கு தேவை.

வசதி பற்றி இரண்டு வார்த்தை. கைலாசத்தின் தரைத்தளம் வரை முதியவர்கள் சிரமமின்றி வரலாம். 12-இன் மாடி, 29-இன் படிகள், 32-இன் மாடி முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம். குடைவரைகளுக்கு நடுவே தண்ணீர் கிடைக்கும் இடம் குறைவு, ஆளுக்கு 2 லிட்டர் கொண்டுபோங்கள். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு வரும். சில அறைகளில் வௌவால் நாற்றம் தலையைச் சுற்றவைக்கும். வழிகாட்டி வைப்பதாக இருந்தால் அமர்த்துமுன் ஒரே கேள்வி: ‘21 முதலா, 1 முதலா?’ பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

அதே பயணத்தில் சேர்க்க வேண்டியவை அருகிலேயே இருக்கின்றன. குடைவரைகளுக்குக் கிட்டத்திலுள்ள கிருஷ்ணேஸ்வரர் (குஷ்மேஸ்வரர்) சோதிலிங்கத் தலம். இப்போதுள்ள கட்டடம் 18-ஆம் நூற்றாண்டில் அகல்யாபாய் ஹோல்கர் எடுத்தது. குடையும் மரபு முடிந்து, கல் அடுக்கிச் சுதை பூசும் மரபு இங்கே. கருவறைக்குள் ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும். கேமராவும் கைப்பேசியும் வெளியே. திங்கட்கிழமையும் சிவராத்திரியும் வரிசை நீளும்.

வரும் வழியில் தௌலதாபாத் கோட்டைக்குள், 1318-இல் குத்புதீன் முபாரக் கில்ஜி எழுப்பிய ஜாமி மசூதி. அதன் தூண்கள் பழைய கோயில்களிலிருந்து வந்தவை. இன்று அதற்குள் பாரத மாதா சிலை வழிபாட்டில் இருக்கிறது. ஒரே தூண் மூன்று வகை வழிபாட்டைப் பார்த்துவிட்ட இடம்.

எல்லோராவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் குல்தாபாத். புர்ஹானுத்தீன் கரீப் (மறைவு 1337) போன்ற சிஷ்தி சூஃபிகளின் தர்காக்களால் ஊரே புனிதத் தலமானது. அகமதுநகர் சுல்தானகத்தின் அமைச்சராக இருந்த மாலிக் அம்பரின் கல்லறை கும்மட்டத்தோடு கம்பீரமாக நிற்க, 1707-இல் இறந்த ஔரங்கசீப்பின் சமாதி ஜைனுத்தீன் ஷிராஸியின் தர்கா வளாகத்தில் கூரையே இல்லாமல் திறந்த மண்ணாய் இருக்கிறது. சுற்றியுள்ள பளிங்குத் தட்டி ஆங்கிலேய வைஸ்ராய் கர்சன் காலத்தில் வந்தது. மலையைக் குடைந்து நூறடி உயர்த்திய கைலாசத்தைப் பார்த்த அதே நாளில் இதையும் பார்க்க வேண்டும் என்போம். தலையை மூடிக்கொள்ள ஒரு கைக்குட்டை, வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்து வேறு நேரம், அவ்வளவே தேவை.

அஜந்தாவையும் சேர்ப்பவர்கள் நாளை மட்டும் சரியாகப் போடுங்கள். அங்கே திங்கள் விடுமுறை, இங்கே செவ்வாய். ஞாயிறு கூட்டத்தில் எல்லோராவின் 10-ஆம் குடைவரைக்குள் எதிரொலி தவிர வேறு எதுவும் கிடைக்காது. புதன் காலை எல்லோரா, வியாழன் மிச்சமிருக்கும் சமணத் தொகுதியும் குல்தாபாத்தும், வெள்ளி அஜந்தா என்று வைத்தால் எந்தக் கதவும் மூடியிருக்காது.